ஷாரோவைக் கேட்காமல் தேடிய துணை

முற்றத்தில் தகர அடுப்பைப் போட்டு, சிவப்புக் குடமிளகாயை வாட்டிச் சுட்டுக்கொண்டிருந்தாள் தெசாங்கா. செப்டம்பர் கடைசியில் அந்தத் தெரு முழுக்க இதே வாசனைதான். சுட்ட மிளகாயைத் தோலுரித்து, அரைத்து, எண்ணெய் விட்டுக் கிளறி, குளிர்காலத்துக்குத் தொக்குப் போட்டு வைக்காத வீடு அங்கே கிடையாது. அதிலும் தெசாங்காவின் தொக்குக்குத் தனிப் பெயர். வேலியோரம் போகிறவர்கள் நின்று, ஒரு வாய் கேட்டு வாங்கித் தின்றுவிட்டுத்தான் நகர்வார்கள்.

இந்த வருஷமும் நின்றார்கள். ஆனால் மிளகாயை ஒருத்தரும் பார்க்கவில்லை.

"அடேயப்பா, இது நாயா, பனிக்கரடியா? கண்ணப் பாரேன், என்ன நீலம்!"

"இவ்வளவு அழகான நாயைத் தெருவுல விட்டுட்டுப் போக எவனுக்குடா மனசு வந்துச்சு? பில்யானா, உனக்குப் புண்ணியமாப் போகும்மா!"

கீழ்வீட்டு வாசலில் பில்யானா வெள்ளை நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்தபடி பூரித்து நின்றாள். தெருநாய்க் காப்பகத்திலிருந்து அதை அழைத்து வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மேதா என்று பெயர் வைத்திருந்தாள். அந்த ஊர்ப் பேச்சில் கரடிக்குட்டி என்று அர்த்தம்.

தெசாங்காவுக்கு அடுப்பில் எரிந்ததைவிட வயிற்றில் அதிகமாக எரிந்தது. இரண்டு பேரும் ஓரகத்திகள். அண்ணனும் தம்பியும் சேர்ந்து கட்டிய வீட்டில் மூத்தவன் ராதோவனின் மனைவி தெசாங்கா மாடியில், இளையவன் மனைவி பில்யானா கீழே. முற்றம் ஒன்று, வேலிக்கதவு ஒன்று. யார் வீட்டுத் திரைச்சீலை புதுசு, யார் வீட்டுப் பால்கனியில் பூ அதிகம் என்ற கணக்கு மட்டும் இரண்டு. இருபது வருஷமாக அந்தப் போட்டியில் தெசாங்காதான் ஒரு படி மேலே இருந்தாள். அதற்கு ஒரு காரணம் அவளுடைய இரண்டு நாய்கள்.

ஷாரோவும் பேலாவும் எங்கே போனாலும் அவள் பின்னாலேயே வரும். இரண்டும் தெருவில் கிடந்தவைதான். வசந்தகாலத்தில் பேலா கிழமாகிச் செத்துப்போனது. அன்றிலிருந்து ஷாரோ வாதுமை மரத்தடியை விட்டு எழுந்திருக்கவில்லை. வைத்த சோற்றை மோந்து பார்ப்பான், தலையைத் திருப்பிக்கொள்வான். விலா எலும்பை எண்ணலாம் போல இளைத்துவிட்டான்.

கால்நடை மருத்துவர் வந்து பார்த்துவிட்டுத் தெளிவாகவே சொன்னார். "உடம்புல ஒண்ணும் இல்லம்மா. ஏக்கம். இப்படியே விட்டா குளிர்காலத்தைத் தாண்ட மாட்டான். ஒரு துணை பாருங்க. குட்டி வேண்டாம், அது இவனைப் போட்டுப் பாடாப் படுத்தும். வளர்ந்த பெட்டையா, சாதுவானதாப் பாருங்க. கூட்டிட்டு வர்றதுக்கு முன்னாடி இவனையும் அழைச்சிட்டுப் போயி, ரெண்டையும் வெளியில ஒண்ணா நடக்கவிட்டுப் பாருங்க. இவனுக்குப் பிடிக்கணும். அவ்வளவுதான் விஷயம்."

தெசாங்கா தலையாட்டினாள். அப்போது அவள் மனசில் ஷாரோதான் இருந்தான். மேதா வந்த பிறகு அந்த இடத்தில் மேதா வந்து உட்கார்ந்துகொண்டது.

நவம்பர் தொடக்கத்தில் குடும்பப் புனிதரின் நாள் வரும். ஸ்லாவா. தகப்பனிடமிருந்து மகன்களுக்கு வருகிற திருநாள் என்பதால், மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் ஒரே புனிதர், ஒரே நாள். யாரையும் கூப்பிட மாட்டார்கள், கூப்பிடாமலே வருவார்கள். வந்தவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. இரண்டு வீட்டிலும் சாப்பிட்டாக வேண்டும். எந்த வீட்டில் முதலில் என்பதில்தான் இருக்கிறது கௌரவம். மூத்தவள் என்பதால் இதுவரை எல்லோரும் முதலில் மாடிப்படிதான் ஏறினார்கள்.

ஸ்லாவாவுக்கு இரண்டு நாள் முன்பு ராதோவனின் அத்தை ஸ்தானா வேலிக்கதவருகே நின்று சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் எந்தப் பக்கம் போகிறாளோ, உறவுக்கூட்டம் முழுக்க அந்தப் பக்கம்தான் போகும்.

"தெசாங்கா, கோவிச்சுக்காதடி. இந்த வருஷம் முதல்ல கீழதான் நுழைவேன். அந்த வெள்ளை ராஜாவைக் கொஞ்சிட்டுத்தான் மாடி ஏறுவேன். உன் ஷாரோவைப் பார்த்தா சாப்பாடே இறங்காது போல இருக்கு. என்னடி இது, எலும்பும் தோலுமா?"

அன்று மத்தியானமே தெசாங்கா ராதோவனைக் காரை எடுக்கச் சொன்னாள்.

ஊருக்கு வெளியே இருந்த காப்பகத்தை நடத்தியவள் கோர்தனா. ரப்பர் பூட்ஸும் கிழிந்த கோட்டுமாக வந்து கதவைத் திறந்தாள். தெசாங்கா கூண்டு கூண்டாகப் பார்த்துக்கொண்டே போனாள். நொண்டிக் கால், ஒற்றைக் கண், உதிர்ந்த முடி எதிலும் அவள் பார்வை நிற்கவில்லை. கடைசிக் கூண்டில் அவன் நின்றான். கருகருவென்று பளபளக்கும் முடி, கழுத்தைச் சுற்றிச் சிங்கப் பிடரி. சுல்தான் என்று பலகையில் எழுதியிருந்தது.

'மேதாவை இவன் பக்கத்தில் நிறுத்தினால் நனைந்த கோழி போல இருக்கும்' என்று நினைத்தபோதே தெசாங்காவின் நெஞ்சு குளிர்ந்தது.

"நல்லவன்தான்," என்றாள் கோர்தனா. "மனுஷங்ககிட்ட தங்கமா இருப்பான். ஆனா தெருவுல சோத்துக்கு அடிச்சுப் பிடிச்சே வளர்ந்தவன். தட்டுக்கிட்ட வேற நாய் வந்தா பொறுக்க மாட்டான். அதனால நாய் இருக்கற வீட்டுக்கு இவனைக் குடுக்கறதில்ல. உங்க வீட்ல வேற நாய் இருக்கா?"

"இல்ல," என்றாள் தெசாங்கா.

சொல்லும்போது நாக்கு குழறவில்லை. அதுதான் வேடிக்கை. காரில் ஏறும்வரை பேசாமல் இருந்த ராதோவன், சாவியைத் திருகியபடி கேட்டான்.

"வீட்ல நாய் இல்லையா? அப்ப ஷாரோ யாரு? வாத்தா?"

"சும்மா ஓட்டுங்க. நாய்ங்கதானே, பழகிடும்."

"மருத்துவர் பெட்டை பாக்கச் சொன்னாரு. இவன் மீசை வெச்ச ஆம்பள மாதிரி இருக்கான்."

"ஸ்லாவாவுக்கு உங்க அத்தை நம்ம படியில முதல்ல ஏறணுமா, வேண்டாமா?"

ராதோவன் வாயை மூடிக்கொண்டான். குடும்பத்தில் அமைதி வேண்டுமென்று மூடிய வாய் அது. அன்றைக்கு அதைத் திறந்து வைத்திருக்கலாம்.

ஸ்லாவா வந்தது. மாடியில் மெழுகுவர்த்தி எரிந்தது. கோதுமைப் பிரசாதமும், பின்னல் போட்ட ரொட்டியும், கோஸ் இலையில் சுருட்டிய இறைச்சியும் மேசையில் நிறைந்திருந்தன. வழக்கப்படி வேலிக்கதவு விரியத் திறந்து கிடந்தது. படிக்கட்டின் கீழே, வருகிறவர்கள் கண்ணில் முதலில் படும்படி, சுல்தானை வாரிவிட்டுக் கட்டியிருந்தாள் தெசாங்கா. இரண்டு நாளாக ஷாரோ அவன் பக்கமே போகவில்லை. மரத்தடியில் இன்னும் சுருண்டு படுத்திருந்தான். அதையே பழகிவிட்டதாக அவள் எடுத்துக்கொண்டாள்.

ஸ்தானா அத்தை உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மாடி! இது எப்போடி வந்துச்சு? கீழ இருக்கறது இதுக்கு முன்னாடி எம்மாத்திரம்!"

கீழ்வீட்டு வாசலில் தட்டோடு நின்ற பில்யானாவின் முகம் சுருங்கியதைத் தெசாங்கா கண்ணாரக் கண்டாள். இத்தனை நாள் வயிற்றில் புகைந்தது அந்தக் கணத்தில் அணைந்தது. கூட்டம் அவள் படியருகே கூடியது. யாரோ ஒருவர் பில்யானாவின் தட்டிலிருந்த பன்றி விலா எலும்பை எடுத்து, "இந்தாடா சுல்தான்!" என்று வீசினார்.

எலும்பு கொஞ்சம் தள்ளி விழுந்தது. அப்போது யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மாதக்கணக்காகச் சோற்றில் ஆசை காட்டாத ஷாரோ, வறுத்த இறைச்சி வாசனைக்கு மூக்கைத் தூக்கினான். தள்ளாடி எழுந்தான். வாலை மெல்ல ஆட்டிக்கொண்டு அந்த எலும்பை நோக்கி நடந்து வந்தான்.

"ஷாரோ, வேண்டாம்டா!" என்று தெசாங்கா கத்துவதற்குள் கயிறு அறுந்தது.

ஒரே உறுமல், ஒரே அலறல். சுல்தான் ஷாரோவின் கழுத்தைப் பிடித்து உதறினான். ராதோவன் ஒரு வாளித் தண்ணீரை மேலே கொட்டி, பட்டையைப் பிடித்து இழுத்து விலக்கினான். விடுபட்ட ஷாரோ, ரத்தம் சொட்டச் சொட்ட, திறந்து கிடந்த வேலிக்கதவு வழியாக ஓடி மறைந்தான்.

தெசாங்கா படிக்கட்டில் நின்றாள். மேலே மேசை விருந்தோடு காத்திருந்தது, படியைச் சுற்றி விருந்தாளிகள் நின்றார்கள். மெழுகுவர்த்தி எரியும்போது வீட்டுக்காரி விருந்தை விட்டுப் போகக் கூடாது. இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று அவள் கால் ஒரு கணம் தயங்கியது. அந்த ஒரு கணத்தில் பில்யானா கையிலிருந்த தட்டைத் தரையில் வைத்துவிட்டு, புதுச் செருப்போடு, கட்டிய ஏப்ரனோடு, தெருவில் ஓடினாள். தன் வீட்டு மெழுகுவர்த்தியும் எரிகிறது என்பதை அவள் நினைக்கவே இல்லை.

தெசாங்காவுக்குச் சுரீரென்றது. அவளும் ஓடினாள்.

அறுவடை முடிந்த சோள வயல்களின் ஓரம், சேற்றில் கால் புதைய இருவரும் கூப்பிட்டுக்கொண்டே போனார்கள். பனிமூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. தெசாங்கா அழுதுகொண்டே நடந்தாள்.

"காப்பகத்துல வீட்ல நாயே இல்லன்னு சொன்னேன்டி. வாய் கூசாம சொன்னேன். அது நிஜமாயிடும் போல இருக்கே!"

பில்யானா நின்று, சட்டைக் கையை மடித்துக் காட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை காயம்.

"மேதா கடிச்சது. அவன்மேல தப்பில்ல அக்கா. மலையில ஓடவேண்டிய நாயை நான் சமையலறையில கட்டி வெச்சிருக்கேன். கதவைக் கடிச்சுக் குதறிட்டான், சோபா போச்சு. யாராவது வந்தா மட்டும் சீவிவிட்டு வாசல்ல நிறுத்துவேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா சிரிச்சிருக்க மாட்டீங்களா?"

தெசாங்கா பொய் சொல்லவில்லை. "சிரிச்சிருப்பேன்."

"உங்க பின்னாடி ரெண்டு நாயும் போறதைப் பார்த்து 'தெசாங்கா மனசு தங்கம்'னு தெருவே சொல்லும். எனக்குப் பத்திக்கிட்டு வரும் அக்கா. அதான் இருக்கறதுலயே அழகானதாப் பார்த்துக் கூட்டிட்டு வந்தேன். உங்களை மட்டம் தட்டணும்னு."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் நின்றார்கள். அப்போது வாய்க்காலின் குறுக்கே போட்டிருந்த சிமென்ட் குழாய்க்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. பில்யானா மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டாள். தெசாங்கா தன் ஸ்லாவாச் சால்வையைக் கழற்றிச் சுற்றினாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போனார்கள். தையல் போட்டார். பிழைத்துக்கொள்வான் என்றார். "ஆனா நான் சொன்னது ஒண்ணு, நீங்க செஞ்சது ஒண்ணு," என்று மட்டும் சொன்னார்.

சுல்தான் அதற்குள் பில்யானாவின் கணவனுடைய கொட்டகையில் அடைபட்டு, தனியாக, கதவைப் பார்த்தபடியே படுத்துக் கிடந்தான். புண் ஆறியதும் அவனையும் ஷாரோவையும் தனித்தனிக் காரில் ஏற்றிக்கொண்டு காப்பகத்துக்குப் போனார்கள். பில்யானாவும் கூட வந்தாள். கோர்தனா ஷாரோவின் கழுத்துத் தழும்பைப் பார்த்தாள்.

"உங்க வீட்ல இல்லாத நாய் இதுதானா?"

தெசாங்கா தலைகுனிந்தாள். "தப்புதாம்மா. பொய் சொன்னேன்."

"நீங்க சொன்ன பொய்க்கு ரெண்டு உசிரு அடிபட்டிருக்கு. இதோ, இவன் கழுத்துல பட்டது கண்ணுக்குத் தெரியுது. சுல்தான் ஒரு வீடு கிடைச்சுதுன்னு நம்பினான். இப்ப மறுபடி கூண்டு. இப்படித் திரும்பி வர்ற நாய் அடுத்த மனுஷனை லேசுல நம்பாது. அவனுக்கு நாய் இல்லாத வீடாத் தேடிப் பிடிக்கற வரைக்கும் நீங்களே இங்க வந்து அவனை வெளியில நடத்திக் கூட்டிட்டு வரணும். சம்மதமா?"

"சம்மதம்," என்றாள் தெசாங்கா. முணுமுணுக்கக்கூட இல்லை.

பில்யானாவிடமும் கோர்தனா, மேதாவைத் தினமும் ஆற்றங்கரையில் ஓடவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னாள். பிறகு காப்பகத்துக்கு வெளியே, மண் பாதையில், ஷாரோவை மெதுவாக நடத்தச் சொன்னாள். ஒவ்வொரு பெட்டையாக அழைத்து வந்து, சற்றுத் தள்ளி, அதே திசையில் நடத்தினாள். முதலில் வந்த புள்ளிக்காரி அழகி. ஷாரோ அவளைத் திரும்பியே பார்க்கவில்லை. அடுத்தது துள்ளிக் குதித்தது. அவன் தெசாங்காவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

மூன்றாவதாக வந்தவளைப் பார்த்துப் பில்யானா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். நீண்ட உடம்பு, குட்டைக் கால், ஒரு காது மேலே, ஒரு காது கீழே, புழுதி நிறம். அவள் ஷாரோவைக் கண்டுகொள்ளவே இல்லை. பாதையோரத்து முட்செடியை நிதானமாக மோந்தாள். ஷாரோ நின்றான். போய் அதே செடியை மோந்தான். பிறகு இருவரும் பேசி வைத்தது போல ஒரே வேகத்தில் நடக்கத் தொடங்கினார்கள். கொஞ்ச தூரம் போனதும் ஷாரோவின் வால் ஆடியது. தெசாங்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்க ஸ்தானா அத்தை வந்தாள். முற்றத்தில் பில்யானா கெட்டிலோடு உட்கார்ந்திருந்தாள். ஷாரோவும் புபா என்று பெயர் வைத்த புதியவளும் ஒரே தட்டில் தலையை நுழைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அத்தை மூக்கைச் சுளித்தாள்.

"இது என்னடி, நாயா, கால் முளைச்ச தலகாணியா? அந்தக் கறுப்புச் சிங்கத்தை விட்டுட்டுப் போயும் போயும் இதையா பிடிச்சிட்டு வந்த? ஊரு என்ன சொல்லும்?"

தெசாங்கா அத்தையின் கோப்பையில் காபியை ஊற்றினாள். கோபப்படவில்லை.

"உங்க கண்ணுக்காகவும் ஊரு கண்ணுக்காகவும் ஒண்ணைக் கூட்டிட்டு வந்தேன் அத்தை. அதுக்கு என் ஷாரோ ரத்தம் சிந்தினான், அந்த வாயில்லா ஜீவனும் வீடில்லாமப் போச்சு. நாய்க்குத் துணை தேடறவங்க நாயைத்தான் கேக்கணும், பக்கத்து வீட்டை எட்டிப் பாக்கக் கூடாது. பொறாமையில கூட்டிட்டு வர்ற உசிரு நம்ம பொறாமைக்குத்தான் துணையா இருக்கும், வேற யாருக்கும் துணையா இருக்காது."