சாம்பிராணி போட்ட கூடம்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்தாம்: சூலியா தெருவில் நாணய மாற்றுக் கடை வைத்திருக்கும் ஷேக் அலாவுதீன், அவருடைய மனைவி ஷரீஃபா, மகன் ஹைதர், மருமகள் சல்மா, மருத்துவமனையிலிருந்து வீட்டைப் பார்த்துப் போக வந்த தாதி ஜெகதீஸ்வரி. வேறு ஒருவரும் இல்லை. பிறகு, நடந்ததைப் பற்றித் தெருவில் பேசியவர்களில் ஒருவர்கூட அன்று அங்கே இருக்கவில்லை.

தாதி வருவதற்கு முன் கடைக்கு மேலிருந்த அந்த வீடு கல்யாண வீடு போலப் பரபரத்தது. சல்மா சாம்பல் கிண்ணங்களைப் பொறுக்கித் துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் போட்டு மூடினாள். ஹைதர் குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டுச் சன்னல்களைத் திறந்தான். திரைச்சீலையிலும் சுவரிலும் ஊறிப்போன சிகரெட் வாடை அதற்கெல்லாம் அசையவில்லை. அலாவுதீன் தம் கையாலேயே கரி மூட்டிச் சாம்பிராணி போட்டார். அந்தப் புகையில்தான் ஷரீஃபாவுக்கு மூச்சு முட்டியது. சோபாவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, தோள்களை உயர்த்தி, உதட்டைக் குவித்து ஊதி ஊதி அடுத்த மூச்சைத் தேடினார்.

"கேட்டா, யாரும் குடிக்கிறதில்லன்னு சொல்லிடு. மெஷினு வந்துரும். அப்புறம் நம்ம பாடு," என்றார் கணவர்.

மெஷின் என்றது ஆக்சிஜன் இயந்திரத்தை. அது ஓடும் வீட்டுக்குள் யாரும் சிகரெட் பற்றவைக்கக் கூடாது, தீப்பிடித்துவிடும், அப்படிப்பட்ட வீட்டுக்குக் கொடுக்கவும் மாட்டோம் என்று மருத்துவமனையில் முன்பே சொல்லியிருந்தார்கள். கீழே இறங்கிப் புகைத்தால் என்ன என்று ஹைதர் ஒருமுறை கேட்டுப் பார்த்தான். தகப்பன் வாங்கிய வீடு இருக்கும்போது வேலை வெட்டி இல்லாதவனைப் போல நடைபாதையில் நிற்பதா, பெண்டாட்டி வெளியே தள்ளிவிட்டாள் என்று தெருவே சிரிக்காதா என்று அலாவுதீன் திருப்பிக் கேட்டார். ஹைதருக்கும் அது வசதியாகவே இருந்தது. அவனும் குளிர்சாதனத்துக்கு அடியில் உட்கார்ந்து புகைப்பவன்தான்.

ஷரீஃபாவும் மானம் பார்ப்பதில் குறைந்தவரல்லர். எத்தனை வருடம் புகைத்தீர்கள் என்று நுரையீரல் மருத்துவர் முதல் நாள் மலாயில் கேட்டபோது முக்காட்டை இழுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டவர் அவர். எங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்த்து இப்படிக் கேட்கலாமா என்று அலாவுதீன் அன்று குதித்தது அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. உள்ளே போன புகையை யார் பற்றவைத்தது என்று நுரையீரல் பார்ப்பதில்லை என்பதை அடுத்த முறை போனபோதுதான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். ஆனாலும் வெளியில் சொல்லவில்லை. கல்யாண வீடுகளில் அவர் இருமியபோதெல்லாம், தூசி ஒத்துக்கொள்வதில்லை என்றே சொல்லிவந்தார். அந்த வீட்டு ஆண்களின் பெயர் அவர் வாயால் கெட்டதில்லை.

தாதி வந்தாள். சாம்பிராணியை முகர்ந்தாள். தேநீர் மேசையின் விளிம்பில் வரிசையாகக் கருகியிருந்த தழும்புகளைப் பார்த்தாள்.

"வீட்டுல யாரும் ரோக்கோ, சிகரெட்டு ஏதும் குடிக்கிறாங்களா ஐயா?"

"அஸ்தஃபிருல்லாஹ். தொழுகை உள்ள வீடும்மா இது."

தாதி ஷரீஃபாவின் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கம்மா. குழாய் உங்க மூக்குலதான் இருக்கப்போவுது."

எல்லோரும் ஷரீஃபாவைப் பார்த்தார்கள். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் மூச்சு வீட்டுக்கு வரும். வந்த அன்றே இவர்கள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பற்றவைப்பார்கள். உண்மையைச் சொன்னால் மூச்சும் வராது, மானமும் போகும். ஷரீஃபா மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"குடிக்கிறாங்க. அப்பனும் மவனும். சாம்பக் கிண்ணம்லாம் வாஷிங் மெஷினுல கெடக்கு, போய்ப் பாரு லா."

சல்மா தரையைப் பார்த்தாள். தாதி கோபப்படவில்லை. ஆண்கள் கீழே போய்ப் புகைத்துவிட்டு வந்தால் போதும், இன்றைக்கே ஏற்பாடு செய்கிறேன் என்றாள். தெருவில் நிற்க முடியாது என்று அலாவுதீன் மறுபடியும் சொன்னார்.

"ஹன்னா வீட்டுக்குப் போனா மட்டும் கீழ எறங்கிப் போறீங்கள்ல? மழையில கூட?" என்று ஷரீஃபா கேட்டார். ஹன்னா ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் இருக்கும் மகள்.

"அது மருமவன் வீடு. அங்க எப்படிக் குடிக்கிறது? மருவாத இல்ல?"

ஷரீஃபா இரண்டு மூன்று மூச்சு சேரும்வரை காத்திருந்தார்.

"அப்ப என்னைய அங்க கொண்டுபோய் விட்டுருங்க."

மகள் வீட்டில் போய்க் கிடப்பவர்களைப் பற்றி எத்தனையோ முறை உதட்டைச் சுழித்தவர் அவர். மறுநாள் காலையில் ஒரு பையோடு படியிறங்கினார். ஒவ்வொரு படியிலும் நின்றார். ஹைதர் கைகொடுத்தான், அவர் கைப்பிடிச் சுவரையே பிடித்துக்கொண்டார். இப்போது ஹன்னாவின் வீட்டில் ஒரு சிறிய அறையில் இயந்திரம் இரைகிறது. மூக்குக் குழாய் சன்னல்வரை எட்டும், வாசல்வரை எட்டாது. மருமகன் அஃபிக் வீட்டில் இருக்கும் நேரத்தில் ஷரீஃபா இருமலையும் வாய்க்குள்ளேயே அடக்கிக்கொள்கிறார். அது அவர் வீடல்ல.

ஷேக் அலாவுதீன் வயதான காலத்தில் மனைவிக்குத் தலாக் சொல்லிவிட்டார் என்று சூலியா தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். தலாக் எதுவும் சொல்லப்படவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அவர் ஆயர் ஈத்தாமுக்குப் போகிறார். கார் நிறுத்துமிடத்தில், போவோர் வருவோர் பார்க்க நின்று, சிகரெட்டைக் கடைசிவரை இழுத்து அணைக்கிறார். வாய் கொப்பளித்துச் சட்டையை உதறிக்கொண்ட பிறகுதான் மனைவியைப் பார்க்க மேலே போகிறார்.