ஏழு கருவுக்குப் பாச்சோறு

முதல் வீட்டுக்குப் பாச்சோறு போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்குச் சங்கதியே தெரியும். வயிறு ஊதி, நிமிர்ந்து நடக்க ஏலாமல் கட்டிலில் கிடந்தேன். கொழும்பில் ஊசியால் என் கருமுட்டைகளை எடுத்த கையோடு என் கணவர் பஸால் வேன் பிடித்து என்னை எங்களூர் சாய்ந்தமருதுக்குக் கொண்டுவந்திருந்தார். குசினிப் பக்கமிருந்து தேங்காய்ப்பாலில் வெந்த சோற்று மணம் வந்தது. மெல்ல எழும்பிப் போய்ப் பார்த்தால், உம்மா பெரிய சட்டியோடு நிற்கிறாள்.

"இதென்ன உம்மா, யாருக்கு இவ்வளவு?"

"நேர்ச்சை மகள். உனக்குக் கரு தங்கினாத் தெருவுக்கே பாச்சோறு குடுக்கிறண்டு நிய்யத்து வெச்சிருந்தன். ஏழு தங்கியிரிக்கி. அல்லாஹ்ட கிருபை!"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பிழை பஸாலுடையது. காலையில் லேபிலிருந்து பேசிய பெண், ஏழு முட்டை கருக்கட்டியிருக்கிறது என்று சொன்னதை மனுசன் சந்தோசத்தில் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் உம்மா. அவளுக்குத் தெரிந்த கரு வயிற்றுக்குள் இருப்பது. கொழும்பில் ஒரு சூட்டுப்பெட்டிக்குள், கண்ணாடித் தட்டில் கிடப்பதை அவள் எங்கே கண்டாள்?

"உம்மா, அது எனக்குள்ள இல்ல. அஞ்சாம் நாள் வரைக்கும் வளந்தாத்தான் ஐஸில எடுத்து வெப்பாங்க. என்ட உடம்பு தேறினாப் பிறகுதான் உள்ள வெக்கிற."

"உன்ட புள்ளதானே?"

"ஓம்... இல்ல. இன்னம் புள்ளையில்ல."

"அப்ப அது என்னகா?"

நான் கட்டிலுக்குத் திரும்பினேன்.

எங்களூரில் சோறு வந்த பீங்கானை வெறுமனே திருப்பிக் கொடுக்கமாட்டார்கள். அடுத்த வீட்டு றிபா ராத்தா மாங்காய் வெட்டி, உப்பும் கொச்சிக்காய்த் தூளும் போட்டுக் கொண்டுவந்தாள். என் வயிற்றைத் தடவி, "நான் செல்லல்லியா?" என்றாள். மற்ற வீடுகளிலிருந்தும் புளிப்பாக வெரளிக்காயும் நெல்லிக்காயும் வந்தன. ஒன்பது வருசமாக இந்தத் தெருவின் கேள்விகளுக்குப் பயந்து கலியாண வீடுகளுக்கே போகாமல் இருந்தவள் நான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மாங்காயை நான் தின்றேன். நல்ல ருசி.

மூன்றாம் நாள் லேப் பெண் மறுபடி பேசினாள். நல்ல பிள்ளை, பொறுமையாக விளங்கப்படுத்தினாள். ஒன்று இரண்டாகும், நாலாகும், எட்டாகும். அதுவரைக்கும் முட்டையில் இருக்கிற சாப்பாடு போதும். அதற்குப் பிறகு கரு தன் பாட்டில் பிழைக்க வேண்டும், அந்த இடத்தில்தான் அதிகமானவை நின்றுவிடும், யாருடைய பிழையும் இல்லை என்றாள். ஏழில் நாலு மிச்சம். மாவடிப்பள்ளி வயலுக்கென்று வாப்பா ஊறப்போடுகிற விதைநெல்தான் நினைவுக்கு வந்தது. உள்ளிருக்கிற மாவில் முளை விட்டுவிடும், பிறகு வேர் பிடிக்க வேண்டுமே. பிள்ளையில்லை என்று உம்மாவோடு சண்டை பிடித்தவள், அன்றிரவு முழுக்கப் பதினாறாகு, முப்பத்திரண்டாகு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே கிடந்தேன். யாரிடம் சொன்னேன்?

அஞ்சாம் நாள் அழைப்பு வந்தபோது பஸால் ஸ்பீக்கரில் போடவில்லை. "ம்... சரி மிஸ்... சரி" என்றார். போனை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் இருந்தார்.

"ஒண்டும் இல்லியாம்."

உம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "ஏழும் மவுத்தா மகன்?"

"அப்பிடிச் செல்ல ஏலா மாமி. வளர்ச்சி நிண்டிட்டு. அவ்வளவுதான்."

உம்மா அப்படியே நிலத்தில் குந்தி, மய்யித்து வீட்டில் ஓதுகிற மாதிரி இன்னாலில்லாஹி ஓதத் தொடங்கினாள். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ.

"நிப்பாட்டுங்க உம்மா! ஊரெல்லாம் பாச்சோறு குடுத்து, கண்ணூறு வாங்கித் தந்ததே நீங்கதான்!"

சொல்லி முடிக்கும்போதே அது பொய்யென்று எனக்குத் தெரியும்.

"அது என்ட தலையில விழட்டும் மகள்" என்றாள் உம்மா. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு பஸாலைப் பார்த்து, சின்னக் குரலில் கேட்டாள்: "அதுகள எங்க மகன் அடக்கம் செய்வாங்க?"

பஸால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய முதுகு குலுங்குவதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். எத்தனை டொக்டர்களிடம் எத்தனை கேள்வி கேட்டிருப்போம் நாங்கள் இரண்டு பேரும். இதைக் கேட்கவேயில்லை.

அவர் மடியிலிருந்த போனை எடுத்து, கடைசியாக வந்த இலக்கத்தை அழுத்தினேன்.

"சொல்லுங்க அக்கா" என்றாள் லேப் பெண். அவளுக்குப் பின்னால் ஏதோ மெஷின் இரைந்துகொண்டிருந்தது. அங்கே யாரோ சிரித்துப் பேசிக்கொண்டு நடந்துபோனார்கள். உம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"இரிக்கன்" என்றேன்.