லியோவின் மெயில் வந்த வழி

சிப்காட் தொழிற்பேட்டையில் இருந்த ஒரு சாயத் தொழிற்சாலையின் மெயில் சர்வரை ரீட்டாதான் பார்த்துக்கொண்டாள். 2008 மழைக்காலத்தில் எல்லா மேஜையிலிருந்தும் ஒரே புகார். லாட்டரி விழுந்தது, மருந்து மலிவு என்று குவியும் ஸ்பேம் மெயில்களுக்கு நடுவே ஆர்டர் மெயில்கள் கண்ணில் படாமல் போயின.

"மொதல்ல அளந்து பாரும்மா," என்றார் மேனேஜர் சபாநாயகம். "எவ்ளோ வருது, எங்கேர்ந்து வருது, ஃபில்டரத் தாண்டி எப்புடி உள்ள வருதுன்னு தெரிஞ்சாதான் அடைக்க முடியும்."

எப்படி வருகிறது என்பது ரீட்டாவுக்கு அளக்காமலேயே தெரியும். ஓர் இலவச மெயில் சேவையிலிருந்து வருவதை மட்டும் சோதிக்காமல் உள்ளே விடும்படி அவளேதான் ஃபில்டரில் எழுதி வைத்திருந்தாள். தம்பி லியோவுக்காக. அவன் தோஹாவுக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடமாகியிருந்தது. போன் பண்ண வசதியில்லை என்பான். பாஸ்வேர்டை மறந்துவிட்டு ஒவ்வொரு முறையும் அதே சேவையில் புதுப் பெயரில் கணக்குத் தொடங்கி இரண்டு வரி எழுதுவான். "நல்லா இருக்கேன்க்கா. இங்க வெயில் ஜாஸ்தி." ஒருமுறை அவன் மெயிலை ஃபில்டர் பிடித்து வைத்திருந்ததை வெகுநாள் கழித்துத்தான் கண்டாள். அதன் பிறகு அந்த வழியை அவள் அடைக்கவில்லை. காலையில் வந்ததும் குப்பையைத் தள்ளித் தள்ளி அவனைத் தேடுவாள். பெரும்பாலான நாட்களில் இருக்காது.

ஒரு வாரம் அளந்தாள். ஒவ்வொரு மெயிலும் எந்த இணைய இணைப்பிலிருந்து கிளம்பியது என்பதற்கு அதன் தலைப்பகுதியில் ஓர் எண் இருக்கும். அந்த எண்களை ஊர்வாரியாகப் பிரித்தபோது, அந்தச் சேவையின் மெயில்கள் எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்திருந்தன. ஒன்று மட்டும் கம்பெனியின் சிதம்பரம் டெப்போ மெயில்கள் வரும் எண் வரிசையில் இருந்தது. திறந்தாள். "வேலை அதிகம்க்கா. அப்பாவப் பாத்துக்க." பழைய மெயில்களையும் எடுத்துப் பார்த்தாள். ஒன்றுகூடத் தோஹாவிலிருந்து வரவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் சிதம்பரம் பஸ் ஏறினாள். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் மெயில் அனுப்ப அவன் வந்திருப்பான் என்று பிரவுசிங் சென்டர் ஒவ்வொன்றாக ஏறி இறங்கி அவன் போட்டோவைக் காட்டினாள். மேல வீதியில் கடை வைத்திருந்த நடராஜ் பார்த்ததுமே சொன்னார். "நம்ம லியோ. பக்கத்து லாட்ஜுல இருக்காப்ல."

லாட்ஜின் முன்மேஜையில் அவன் சாவிகளை மாட்டிக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த கோபம் அவளிடம் இல்லாமல் போயிற்று.

"எப்புடிக்கா கண்டுபுடிச்ச?"

"ஆபீஸ் வேலை பாக்கறப்ப தெரிஞ்சுது. எப்படா திரும்பி வந்த?"

"போவவே இல்லக்கா. பம்பாய்ல ஏஜெண்ட் விட்டுட்டு ஓடிட்டான். நம்மூரு கோயில்ல பூசையில பேர் வாசிச்சு ஜெபம் பண்ணி அனுப்புனாங்க. எந்த மூஞ்சிய வச்சுகிட்டு வர்றது?"

"அப்பா டெய்லி கேக்கறாரு, மெயில் வந்துச்சான்னு."

லியோ தலையைக் குனிந்துகொண்டான். "கிறிஸ்துமஸுக்கு வரேன். நானே அவுருகிட்ட சொல்லிக்கிறேன். நீ சொல்லிடாத."

பஸ் கிளம்பும்வரை ஜன்னலோரம் நின்றான்.

மறுநாள் ரீட்டா சபாநாயகத்திடம் அளந்த கணக்கைக் காட்டினாள். "இந்த வழிய அடைச்சுடறேன் சார். என் மெயில் பெட்டிக்கு மட்டும் தொறந்து வச்சுக்கறேன்."

"குப்பை பூரா உனக்குல்ல வரும்?"

"வரட்டும் சார்."

மற்றவர்கள் பெட்டி சுத்தமானது. அவளுடையது தினமும் நிரம்பியது. செம்மண்டலத்து வீட்டில் ஸ்டார் கட்டினாள், லியோவுக்குச் சட்டை எடுத்தாள். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் அவன் மெயில் வந்தது. "லீவு கெடைக்கலக்கா." அதே சிதம்பரம் எண் வரிசை.

வீட்டுக்கு வந்து அப்பா அடைக்கலராஜிடம் லீவு கிடைக்கவில்லையாம் என்று மட்டும் சொன்னாள்.

"பாவம், அவ்ளோ தூரத்துலேர்ந்து எப்புடிம்மா வருவான்," என்றார்.

மறுநாள், கிறிஸ்துமஸ் அன்று, அவர் சாப்பிட்டுப் படுத்ததும், ஒரு தூக்கில் பிரியாணி போட்டு எடுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸுக்கு நின்றாள்.