மேயர் பிரைஸ் குடிபோன தெரு

புஷ்பா பர்மாவில், பபேடான் பேட்டையில், பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஸயாமா, அதாவது டீச்சர். மழை பிடித்துக்கொண்டதும் பாதிப் பிள்ளைகள் வருவதில்லை. அந்த நேரம் பார்த்து, பள்ளிப் புத்தகம் போடும் ஜுல்ஃபிகர், அவள் அண்ணன் என்ற பொருளில் 'கோ' போட்டுக் கூப்பிடுகிறவர், ஒரு வேலையோடு வந்தார். உலகத்து நகர மேயர்களைப் பற்றி பர்மிய மொழியில் சிறுவர் நூல். அவள் பங்குக்கு வந்தவர் ஆல்டன் பிரைஸ் என்ற அமெரிக்கர்.

"ரெண்டே பக்கம், ஸயாமா. ஊருக்குக் குழாய்த் தண்ணி கொண்டாந்த புண்ணியவான். லேசான வேலை."

லேசாகத்தான் ஆரம்பித்தது. 1911இல் அந்த ஊரில் குழாய் திறந்த அன்று பேண்டு வாசித்திருக்கிறார்கள். முதல் குவளைத் தண்ணீரை மேயர் ஒரு சிறுமிக்குக் கொடுத்த படமும் இணையத்தில் கிடைத்தது. புஷ்பா ஒரு பக்கத்தை மளமளவென்று எழுதிவிட்டாள்.

அதன் பிறகுதான் வேறொரு பழைய செய்தித்தாள் கண்ணில் பட்டது. குழாய் ஆற்றங்கரைத் தெருவுக்கு முன்பே நின்றுவிட்டதாம். அங்கே இருந்தவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்த ஆலைத் தொழிலாளிகள், ஓட்டு இல்லாதவர்கள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று கையெழுத்துப் போட்டவர் பிரைஸ்தான். அந்தக் கோடையில் ஆற்றுத் தண்ணீரைக் குடித்து வந்த விஷக்காய்ச்சலில் பத்தொன்பது பிள்ளைகள் அத்தெருவில் செத்துப்போனார்கள்.

புஷ்பா எழுதிய பக்கத்தைக் கிழித்தாள். பாவி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வேறு மாதிரி எழுதினாள்.

அதுவும் நிலைக்கவில்லை. தேர்தலில் தோற்ற பிரைஸ், மேட்டிலிருந்த தன் பெரிய வீட்டை விற்றுவிட்டு, அதே ஆற்றங்கரைத் தெருவில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்துப் பதினோரு வருடம், சாகும்வரை இருந்திருக்கிறார். நொடித்துப்போய் வந்தார் என்றது ஒரு குறிப்பு. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தாயின் கடிதமும் இருந்தது: "எங்களோடு அவர் பேசியதே இல்லை. இங்கே குழாய்க்குப் பள்ளம் தோண்டிய நாளெல்லாம் வெயிலில் நின்றார். திட்டலாம் என்று போனேன். திட்டாமல் வந்துவிட்டேன்."

புஷ்பா அதை நாலு தரம் படித்தாள். ஏன் போனார்? யாரும் எழுதிவைக்கவில்லை. கடைசியில் நடந்தது நடந்தபடி எழுதி, 'அவர் ஏன் அங்கே போனார் என்பது எனக்குத் தெரியவில்லை' என்று முடித்தாள்.

ஜுல்ஃபிகர் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "நல்லவரா கெட்டவரான்னு பிள்ளைங்க கேப்பாங்களே?"

"எனக்கே தெரியலை, கோ ஜுல்ஃபிகர். ஒரு வரி எடுத்தாலும் எம் பேரையும் எடுத்துருங்க."

அவர் ஒரு வரியும் எடுக்கவில்லை. புத்தகம் வந்தது. அட்டையில் கொட்டை எழுத்தில் 'நாம் பின்பற்ற வேண்டிய நல்லவர்கள்' என்று இருந்தது.

"என்ன இது?"

"அட்டை முன்னாடியே அடிச்சாச்சு, ஸயாமா."

கோபப்படுவதா சிரிப்பதா என்று புஷ்பாவுக்குப் புரியவில்லை. இரண்டு பிரதிகளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.