இடம் மாறிய நாற்பத்தொரு புத்தகங்கள்

கிளை நூலகத்தின் கடைசி அலமாரியை மேலதிகாரி ஒரு விரலால் தடவினார். விரலில் ஒட்டிய தூசியை நூலகரிடம் காட்டினார்.

"இந்த வருஷம் இதுலேருந்து எத்தனை புத்தகம் வெளியே போச்சு?"

"ரெண்டு சார்," என்றாள் நூலகர். "அதுல ஒண்ணு தெரியாம எடுத்துட்டுப் போனது."

"விண்வெளி, பூதம், டிராகன். யாருக்கும்மா வேணும் இதெல்லாம்? அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி வருவேன். அதுவரைக்கும் அசையலேன்னா கட்டிக் கிடங்குக்கு அனுப்பிடுங்க. இங்க தேர்வுப் புத்தகம் வைக்கலாம்."

அறிவியல் புனைவும் மாயப் புனைவுமாக நாற்பத்தொரு புத்தகங்கள். பன்னிரண்டு வருடமாகக் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்தவை. எல்லாவற்றையும் அவள் இரண்டு முறையாவது படித்திருந்தாள். வருகிறவர்கள் கையில் திணித்தும் பார்த்தாள். "நமக்கு அதெல்லாம் மண்டையில ஏறாதும்மா" என்பார்கள், அல்லது "சின்னப் பிள்ளைங்க படிக்கிறது" என்பார்கள். படித்துவிட்டு வேண்டாம் என்றவர் ஒருவரும் இல்லை. படிக்காமலே வேண்டாம் என்றவர்கள்தான் ஊர் முழுக்க.

அன்று மதியம் வாசிப்பறையில் ஈ காக்கை இல்லை. அவள் நெடுநேரம் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தள்ளுவண்டியை இழுத்து வந்தாள்.

டிராகன் வளர்ப்பவனின் கதை கால்நடைப் பகுதிக்குப் போனது. முந்நூறு வருடம் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும் ஆசிரியையின் கதை வரலாற்றுக்குப் போனது. குடியிருப்பவர்களைத் தானே காலி செய்ய வைக்கும் வீட்டின் கதையை வாடகைச் சட்டங்களுக்கு நடுவில் செருகினாள். பொய் ஒன்றும் சொல்லவில்லையே, எல்லாம் அந்தந்த விஷயத்தைப் பற்றியதுதானே என்று மனச்சாட்சிக்குச் சமாதானம் சொன்னாள். மனச்சாட்சி அதை நம்பவில்லை. ஆனாலும் வண்டி தள்ள ஒத்தாசை செய்தது.

முதலில் சிக்கியவர் லிஃப்ட் மெக்கானிக். இயந்திரப் பராமரிப்புப் பகுதியில், வானத்துக்குப் போகும் லிஃப்ட் பற்றிய தடித்த நாவலை எடுத்துப் போனவர், நான்காம் நாள் காலை கருவிப் பையோடு வந்து அதை மேசையில் வைத்தார். வைத்த சத்தத்தில் பேனா உருண்டது.

"ஏம்மா, இதை எழுதின ஆளு ஜென்மத்துல ஒரு லிஃப்டைத் திறந்து பார்த்திருக்க மாட்டான்."

"ஏங்க, என்னாச்சு?"

"மூணு நாள் விடாம மேல போற லிஃப்டு. அதுக்கு அவசர மணி ஒண்ணே ஒண்ணு. அதுவும் வேலை செய்யல. பதினாலு தப்பு குறிச்சு வச்சிருக்கேன்."

அவர் நீட்டிய தாளை அவள் மரியாதையாக வாங்கிக்கொண்டாள். "முழுசும் படிச்சீங்களா?"

"முழுசும் படிக்காம எப்படித் தப்பு கண்டுபிடிக்கிறது?" என்றவர் சற்று நிறுத்திக் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பொண்ணு வடத்தைப் பிடிச்சுக்கிட்டு வெளியில இறங்குற இடம் இருக்கே, நான் சாப்பிடவே மறந்துட்டேம்மா. அடுத்த பாகம் எந்த ரேக்குல இருக்கு?"

"தோட்டக்கலையில."

மெக்கானிக் அவள் முகத்தையே பார்த்தார். "வேணும்னுதான் செஞ்சிருக்கீங்க."

"ஆமாங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே தோட்டக்கலைப் பக்கம் நடந்தார்.

அடுத்து அகப்பட்டவள் வீட்டிலேயே இருந்தாள். மாடியில் குடியிருக்கும் நாத்தனார், மருந்துக்கடைக்காரி. கதை படிக்கிற நேரத்தில் காலாவதித் தேதி பார்த்தாலும் நாலு பேருக்கு உபகாரம் என்பது அவள் கட்சி. மருந்தியல் பகுதியிலிருந்து அவள் எடுத்துப் போன புத்தகத்தோடு ஒரு சாயங்காலம் அடுப்படிக்கு வந்தாள்.

"அண்ணி, இது மருந்துப் புத்தகம் இல்ல."

"அப்படியா?" நூலகர் வெங்காயம் நறுக்குவதிலேயே கண்ணாக இருந்தாள்.

"முதல் பத்துப் பக்கத்துல ஏழு பேரு, ஒரு பேரும் வாயில நுழையல. வானத்துல மூணு நிலா வேற. தூக்கி ஓரமா வச்சுட்டேன்."

"அப்புறம் ஏன் மறுபடி எடுத்த?"

"அந்த வைத்தியச்சி ராஜாவுக்கு மறதி மருந்து குடுக்கிறா, அளவே சொல்லல. இப்படி ஒருத்தி பொறுப்பில்லாம இருப்பாளா? அளவு எங்கேயாவது வரும் வரும்னு போனதுல இருநூறு பக்கம் ஓடிப்போச்சு."

"மூணு நிலா?"

"அது பாட்டுக்கு இருந்துச்சு. பழகிப்போச்சு." நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எல்லாத்தையும் மறந்த ராஜாவுக்குச் செத்துப்போன பொண்டாட்டி பேரு மட்டும் மறக்கல. ஏன் அண்ணி?"

கணவர் தவறிய இந்த இரண்டு வருடத்தில் நாத்தனார் இப்படி ஒரு கேள்வியை யாரிடமும் கேட்டதில்லை. நூலகர் கத்தியைக் கீழே வைத்தாள். அதன் பிறகு இருவரும் ராஜாவைப் பற்றித்தான் பேசினார்கள். ராஜாவை மட்டும்தான் பேசினார்கள் என்று சொல்ல முடியாது. அடுப்பில் இருந்தது அடிப்பிடித்து வாசனை வந்த பிறகே எழுந்தார்கள்.

ஒன்றாந்தேதி மேலதிகாரி வந்தார். கடைசி அலமாரி துடைத்துவிட்டதுபோல் காலியாக இருந்தது. கணினியில் பார்த்தால் நாற்பத்தொன்றில் முப்பத்து மூன்று வெளியே போயிருந்தன. மீதி எட்டைத் தேடிப் போனவர், கறவை மாட்டுக்கும் கோழிக்கும் நடுவில் டிராகனைக் கண்டுபிடித்தார்.

"இது என்ன?"

"நான்தான் சார் வச்சேன்," என்றாள் அவள். ஒளித்துப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது.

மேலதிகாரி சுற்றிலும் பார்த்தார். பாகம் மூன்றைத் தேடிக்கொண்டிருந்த மெக்கானிக்தான் கண்ணில் பட்டார். "உங்களையும் இவங்க ஏமாத்தினாங்களா?"

"ஆமா சார். ரெண்டு தடவை."

"புகார் குடுக்கிறீங்களா?"

"குடுக்கணும். மூணாவது பாகத்தை எங்க ஒளிச்சிருக்காங்கன்னே தெரியல."

மேலதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. பதவி அதைத் தடுத்தது. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். புத்தகங்கள் இன்றே பழைய இடத்துக்கு வரவேண்டும், அலமாரி இருக்கலாம், ஆனால் புது வாசகர்களை நேர்வழியில் அழைக்கவேண்டும், மாதம் ஒரு சனிக்கிழமை அறிமுகக் கூட்டம் நடத்தவேண்டும் என்று உத்தரவு போட்டார். நூலகர் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டாள். கடிதம் சுருக்கென்று தைக்கத்தான் செய்தது. ஆனாலும் அன்று அவள் நடையில் ஒரு துள்ளல்.

முதல் கூட்டத்துக்கு ஆறு பேர் வந்தார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் எழுந்துவிட்டாள்.

"முதல்ல சின்னக் கதை. எடுத்த எடுப்புல தடிப் புத்தகம் வேண்டாம், ஒத்துக்காது. புரியாத பேரு வந்தா தாண்டிப் போங்க. முக்கியமான ஆளுன்னா அவனே திரும்பி வருவான். முப்பது பக்கம் பாருங்க. அப்பவும் பிடிக்கலேன்னா நிறுத்திடலாம், பக்கவிளைவு கிடையாது."

"இன்னொண்ணு," என்று மெக்கானிக் குறுக்கிட்டார். "கதையில பெரிய பொய் ஒண்ணு இருக்கும். அதை மட்டும் ஒத்துக்கணும். மத்ததுல ஓட்டை இருந்தா எழுதினவன் சட்டையைப் பிடிக்கலாம். அதனால விண்வெளியில ஆரம்பிங்க. அதுல ஒரு கணக்கு இருக்கும்."

"மந்திரத்துலயும் கணக்கு இருக்கு. நீங்க படிச்சதில்ல."

"அளவே போடாத மருந்தைப் பத்தித்தானே சொல்றீங்க?"

"அது முந்நூத்திப் பன்னண்டாம் பக்கத்துல இருக்கு."

இருவருக்கும் வாக்குவாதம் பிடித்துக்கொண்டது. நூலகர் நடுவில் புகப் பார்த்தாள், முடியவில்லை. பின்வரிசையிலிருந்த தையல்காரம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு எழுந்து, அலமாரியிலிருந்து ஒல்லியான புத்தகம் ஒன்றை உருவிக்கொண்டு மேசைக்கு வந்தார்.

"இவங்க முடிக்கிற மாதிரி தெரியல. இதைப் பதிஞ்சு குடுங்கம்மா."

"இது எதைப் பத்தினதுன்னு தெரியுமா?"

"தெரியாது. சொல்லிடாதீங்க," என்று தையல்காரம்மா புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.