தரை டிக்கெட்டில் ஒரு பேய்

1951இல் ஆடித்தபசுக்கு மறுவாரம், சங்கரன்கோவில் டூரிங் கொட்டகையில் முதல் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தபோது, திரையிலிருந்த பேய் இறங்கிவந்து பெண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்தது. படம் நிற்கவில்லை. புளியமரமும் ஊஞ்சலும் திரையில் ஆடின. ஊஞ்சலில் ஆள் மட்டும் இல்லை. கூட்டம் ஓடியிருக்க வேண்டும், ஓடவில்லை. விரித்த தலையும் வெள்ளைச் சேலையுமாக வந்தவளைப் பெண்கள் வேறு விதமாக எடுத்துக்கொண்டார்கள். "பாவம்ட்டி, இந்த வயசுலயே தாலியறுத்துட்டு நிக்கா. நவுந்து இடம் விடுங்க," என்றாள் கடலை விற்கும் மாடத்தி. ஒருத்தி கூந்தலை முடிந்துவிட்டாள். இன்னொருத்தி முந்தானையில் வைத்திருந்த கோமதியம்மன் கோவில் புற்றுமண்ணை நெற்றியில் இட்டாள். பேய் அதையும் பொறுத்துக்கொண்டது.

பயப்பட வந்து பயம் கிடைக்காமல் நொந்துபோனவர் வெற்றிலைக்கடை கோமதிநாயகம் ஒருவர்தான். பேய்ப்படம் என்றால் கடையைப் பூட்டிவிட்டுச் சிவகிரிக்கும் வாசுதேவநல்லூருக்கும் பஸ் ஏறுகிறவர். அந்த நாளில் படத்துப் பேய்கள் அதிகம் பேசாது. சுவரில் நிழல் நீளும், கதவு தானே திறக்கும், எங்கோ சலங்கை கேட்கும். எல்லாவற்றுக்கும் உடம்பைக் கொடுத்து நடுங்குவார். நடுங்கி முடித்து வெளியே வந்து குடிக்கும் டீக்குத் தனி ருசி இருந்தது. கல்யாணம் செய்துகொள்ளாதவர், பேச்சும் குறைவு. இந்தப் பேயை மட்டும் தினமும் பார்த்தார்.

நாளாக நாளாக அவள் மெலிந்தாள். ஆவணியில் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த ஓலைத் தட்டி அவள் வழியே தெரிந்தது.

"ஆளு பயந்தாத்தான் அது நிக்கும்," என்றான் ஆபரேட்டர் சுலைமான். "பொம்பளையெல்லாம் இரக்கப்பட்டே கரைச்சிட்டாளுவ. அண்ணாச்சி, நீங்களாவது பயப்படுங்க."

"எப்படிடே பயப்பட? பார்த்துப் பார்த்து வீட்டு ஆளு மாதிரில்லா ஆயிட்டா."

இருந்தும் அலறிப் பார்த்தார். பொய் அலறல் என்று பேய்க்கே தெரிந்து சிரித்துக்கொண்டது. புரட்டாசியில் ஒருநாள் ஆட்டம் தொடங்குமுன் அவள் உட்காரும் இடத்தைப் பார்த்தார். மணல் குழிந்திருந்தது, ஆள் இல்லை. புற்றுமண் பொட்டு மட்டும் அந்தரத்தில் நின்றது. இனி ஊஞ்சலிலும் இல்லை, மணலிலும் இல்லை என்று நினைத்த நொடியில் அவருடைய உள்ளங்கால் சில்லிட்டது. அலறினார். ரதவீதி வரை கேட்டதாகச் சொன்னார்கள். பொட்டைச் சுற்றி முகம் வந்தது, பிறகு தலைமுடி, பிறகு சேலை.

அந்தப் படப்பெட்டி ஊர் ஊராகப் போய்ப் பிலிம் தேய்ந்து போயிற்று. அவள் போகவில்லை. சேலை வியாபாரம் செய்த மைமூனம்மாள் கொடுத்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு கொட்டகை வாசலில் டிக்கெட் கிழித்தாள். கால் தெரியலையே என்று குருவிகுளத்து ஆட்கள் யாராவது கேட்டால், "சேலை இறக்கம்," என்பாள் மாடத்தி. கோமதிநாயகம் அந்தி சாய்ந்ததும் கடையை அடைத்துவிட்டு, இன்றைக்கு இருப்பாளோ மாட்டாளோ என்று நடுங்கிக்கொண்டே வருவார்.

"பயம் தெளிஞ்சிட்டா?" என்பாள் பச்சைச் சேலைக்காரி.

"இல்ல."

அவள் டிக்கெட்டைக் கிழித்துப் பாதியை அவர் கையில் கொடுப்பாள்.