எந்திரி, நான் காட்டுறேன்

அறிவுரை சொல்வதில் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. ஓவியக் கல்லூரியில் ஐந்து வருடம் படித்து, முதல் வகுப்பில் தேறி, பன்னிரண்டு வருடமாகப் படுக்கை விரிப்புக்குப் பூ வரைந்துகொண்டிருப்பவள் வேறு என்னதான் செய்வாள். பென்சிலை பிளேடால் சீவு, ஷார்ப்னர் பக்கமே போகாதே. விரலால் தேய்த்து நிழல் போடாதே, அது சோம்பேறி வேலை. போட்டோவைப் பார்த்து வரையாதே, கண்ணெதிரே இருப்பதை வரை. எல்லாம் நல்ல அறிவுரைதான். தங்கை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொள்வாள்.

தங்கையை வீட்டில் குட்டி என்று கூப்பிடுவார்கள். இருவருக்கும் பதினேழு வயது வித்தியாசம். அக்காவின் முதல் வருடக் கண்காட்சிக்கு அம்மா கைக்குழந்தையோடுதான் வந்தாள். வந்தவள் வெட்கப்பட்டு ஒரு தூணுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டாள். அந்தக் குழந்தைக்கு நடை பழக்கியது, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது, கையில் முதல் பென்சிலைக் கொடுத்தது எல்லாம் அக்காதான். அதனால் குட்டியின் விஷயத்தில் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற எண்ணம் அவளுக்கு எப்போதும் உண்டு.

அந்த வருடம் குட்டி பள்ளிப் படிப்பை முடித்தாள். அக்கா படித்த அதே ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டார்கள். பன்னிரண்டு படங்கள் கொண்ட ஒரு ஃபோல்டர் கொடுக்க வேண்டும், பிறகு நேர்முகம். பஸ் பணிமனையில் முப்பது வருடம் ஸ்பானர் பிடித்து ஓய்வு பெற்ற அப்பா ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்: "ஒரு தடவ போட்டுப் பாக்கட்டும். கெடைக்கலன்னா கணக்குப் படிக்கப் போகணும். ரெண்டாவது ஒரு படுக்க விரிப்பு இந்த வீட்டுக்கு வேணாம்."

அக்காவுக்கு அது சுருக்கென்று தைத்தது. சீட்டை வாங்கிக் காட்டிவிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஆலையில் டிசைன் பிரிவில் அவளுடைய வேலை என்னவென்று ஒருமுறை பார்த்தால் யாருக்கும் கொட்டாவி வரும். வலது ஓரத்தில் பாதியாக வெட்டுப்படும் பூ, இடது ஓரத்தில் மீதிப் பாதியாகத் தொடங்க வேண்டும். துணி எத்தனை மீட்டர் ஓடினாலும் பூவும் ஓடிக்கொண்டே இருக்கும். இப்படி அவள் வரைந்த பூவின் மேல் ஊரில் பாதிப் பேர் படுத்துத் தூங்கியிருப்பார்கள். விரிப்பில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. கையெழுத்துப் போடும் வேலை ஒன்று தன் வீட்டில் ஒருத்திக்காவது வாய்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஆசையில் தப்பில்லை.

தப்பு அவள் கல்லூரியிலிருந்து கூடவே கொண்டுவந்த ஒரு பழக்கத்தில் இருந்தது. அங்கே மாஸ்டர்கள் வாயால் திருத்த மாட்டார்கள். மாணவனின் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார்கள். "எந்திரி" என்பார்கள். அவன் எழுந்து ஓரமாக நிற்பான். மாஸ்டர் அவன் ஸ்டூலில் உட்கார்ந்து, அவன் பென்சிலாலேயே அவன் படத்தின் மேல் நாலு கோடு போட்டுக் காட்டிவிட்டுப் போவார். அந்த நாலு கோட்டில் படம் உயிர் பெற்றுவிடும். பையனும் புல்லரித்துப்போவான். அக்காவும் அப்படிப் புல்லரித்தவள்தான்.

சாயங்காலம் ஆலையிலிருந்து வந்து, முகம் கழுவி, நேராகக் குட்டியின் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பாள். அம்மா பூண்டு உரிப்பதை அன்றைக்குக் குட்டி வரைந்திருப்பாள், இல்லையென்றால் மாடிப்படியின் கம்பியை.

"எந்திரி, நான் காட்டுறேன்."

குட்டி எழுந்துகொள்வாள். நாலு கோடு என்றுதான் ஆரம்பம். கழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, அதை நிமிர்த்து. கழுத்தை நிமிர்த்தினால் தோள் இடிக்கிறது, தோளையும் பார். நிழல் தட்டையாக இருக்கிறது. நாலு கோடு நாற்பதாகும், குட்டிக்குக் கால் கடுக்கும். பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டே இருப்பாள்.

ஒருநாள் அப்பா நாற்காலியில் தூங்குவதை வரைந்திருந்தாள். கைகள் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் பெரிதாக, இரண்டு கனத்த பைகளை மடியில் இறக்கிவைத்த மாதிரி இருந்தன. அக்கா ரப்பரை எடுத்தாள்.

"அத விடுக்கா. எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது."

"தெரிஞ்சா போதுமா? சரியா இருக்க வேணாமா? எடுத்த எடுப்புல இதத்தான் பாப்பாங்க. எந்திரி."

குட்டி எழுந்தாள். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறந்து அப்படி எதுவும் சொன்னதில்லை. கெட்டிக்காரி, சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறாள் என்று அக்காவுக்கு ஒரே பெருமை. ஃபோல்டர் தயாரானபோது பன்னிரண்டு படங்களும் அச்சு அசலாகத் தேர்ந்த கையின் வேலையாக இருந்தன. அம்மா ஒவ்வொன்றையும் முந்தானையில் கை துடைத்துவிட்டுத்தான் தொட்டாள்.

நேர்முகத்துக்குப் போய்வந்த அன்று குட்டி பிடிகொடுத்துப் பேசவில்லை. என்ன கேட்டார்கள் என்றால், வரையச் சொன்னார்கள் என்றாள். நன்றாக வரைந்தாயா என்றால் தெரியவில்லை என்றாள். இவள் எப்போதும் இப்படித்தான், தன்னைக் குறைத்துச் சொல்வாள் என்று அக்கா விட்டுவிட்டாள். பத்து நாளில் பட்டியல் வந்தது. குட்டியின் பெயர் அதில் இல்லை. காத்திருப்போர் பட்டியலிலும் இல்லை.

அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. தேர்வுக் குழுவில் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன் ஒருவன் இருந்தான். அந்தக் காலத்தில் அவனுக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர். அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி. நேரில் போய் நாலு வார்த்தை கேட்காவிட்டால் சோறு இறங்காது என்று, மறுநாள் மதியம் ஆலையில் பர்மிஷன் போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

ஒட்டடைக்குச்சி இப்போது நன்றாகச் சதை போட்டிருந்தான். தனி அறை, சுழல் நாற்காலி, கண்ணாடி. அவளைப் பார்த்ததும் எழுந்தான். "வா வா. நீ வருவேன்னு தெரியும்" என்றான்.

"தெரிஞ்சுமா அவளப் போடல? அந்தப் படத்துல என்ன கொறையக் கண்டீங்க?"

"ஒரு கொறையும் இல்ல. மொதப் படத்தத் திருப்பினதுமே இது உன் கோடுன்னு தெரிஞ்சுபோச்சு. கோடு முடியற எடத்துல பென்சில ஒரு அழுத்து அழுத்தி லேசாத் திருப்புவ பாரு, அது இன்னும் அப்படியே இருக்கு. பன்னெண்டு வருஷம் ஆகியும் கை கொஞ்சங்கூடத் தளரல. நம்ம செட்டுல உன் கைதான் கை. நான் அப்பவே சொல்லுவேன்."

அந்த நொடியில் அக்காவுக்கு ஏற்பட்டது சந்தோஷம். வேறு எதுவுமில்லை. காது மடல் வரை சூடாக ஏறிய, கலப்படமில்லாத சந்தோஷம். பன்னிரண்டு வருடத்தில் ஒருவர்கூட அவள் கோட்டை இது அவளுடையது என்று சொன்னதில்லை. தங்கையின் சீட்டு போனதைக் கேட்க வந்த இடத்தில் அவள் உதட்டில் சிரிப்பு வந்துவிட்டது. அது வந்ததை அவன் பார்த்துவிட்டதையும் அவள் பார்த்தாள்.

"ஃபோல்டருக்குத்தான் சீட்டுன்னா, நீதான் வந்து உக்காரணும்" என்றான் அவன். கிண்டலாகச் சொல்லவில்லை.

"கொஞ்சம் திருத்திக் குடுத்தேன். யார்தான் குடுக்கல? நம்ம மாஸ்டருங்க நம்ம படத்துல கை வெக்கலயா?"

"வெச்சாங்க. ஆனா அவங்க வீட்டுக்குக் கூடவே வரல. நான் குழுவுல எதுவும் சொல்லல, நம்பு. மத்தவங்களுக்கே சந்தேகம் வந்துச்சு. அங்கயே ஒரு நாற்காலியும் அது மேல ஒரு ஷூவும் வெச்சு வரையச் சொன்னோம். ஒரு மணி நேரம்." அவன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். "நல்லாத்தான் ஆரம்பிச்சா. நாற்காலி பாதி வந்துச்சு. நான் சும்மா பாக்கலாம்னு அவ பின்னால போய் நின்னேன். வாயே தொறக்கல. அவ பென்சில வெச்சுட்டு எந்திரிச்சு, ஓரமாப் போய், கையக் கட்டிக்கிட்டு நின்னுட்டா."

அக்கா மேசைமேல் இருந்த அவன் கண்ணாடியையே பார்த்தாள்.

"உக்காரும்மா, உன் படந்தானேன்னேன். உக்காந்தா. ஆனா அதுக்கப்பறம் ஒரு கோடுகூடப் போடல. நேரம் முடியற வரைக்கும் அந்த ஷூவப் பாத்துக்கிட்டே இருந்தா."

அவன் டீ வரவழைக்கிறேன் என்றான். அக்கா வேண்டாம் என்று எழுந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று வழி நெடுக யோசித்தாள். மன்னிச்சிடு என்று சொல்லலாம். அதைவிட, வா நாளையிலிருந்து முதலிலிருந்து ஆரம்பிப்போம், நான் கிட்டவே வர மாட்டேன் என்று சொல்லலாம். அதுவும் ஒரு அறிவுரைதான் என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

வீட்டில் குட்டி, கல்லூரியிலிருந்து திரும்பி வந்திருந்த ஃபோல்டரைப் பிரித்து, பன்னிரண்டு படங்களையும் தரையில் பரப்பி வைத்திருந்தாள். அழுத முகமாகத் தெரியவில்லை. அக்கா செருப்பைக் கழற்றும் வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்:

"உன்னோடத எடுத்துக்கக்கா."

"என்ன குட்டி பேச்சு இது?"

"கோவமா சொல்லல. உன்னோடத எடுத்துக்க. மிச்சம் என்ன இருக்குன்னு பாக்கணும்."

அக்கா தரையில் உட்கார்ந்தாள். மறுத்துவிட்டு உள்ளே போயிருக்கலாம். ஆனால் இந்த ஒரு விஷயத்திலாவது நேர்மையாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தாள். அம்மாவின் கழுத்து, மாடிப்படிக் கம்பி, அப்பா. எதைப் பார்த்தாலும் கோடு முடியும் இடத்தில் அந்த அழுத்தலும் திருப்பலும் பல்லை இளித்தன. பதினொரு படங்கள் அவள் மடிக்கு வந்து சேர்ந்தன.

பன்னிரண்டாவதில் கொடிக்கயிற்றுக்குக் கீழே கவிழ்த்து வைத்த ஒரு பக்கெட். அக்கா காய்ச்சலில் படுத்திருந்த வாரத்தில் குட்டி வரைந்தது. கோடு நடுங்கியிருந்தது. பக்கெட்டின் வாய் ஒரு பக்கம் நசுங்கி, ஈரத்தரையில் அதன் கனம் அப்படியே உட்கார்ந்திருந்தது. அக்காவால் அப்படி ஒரு கோட்டைப் போட்டிருக்கவே முடியாது. நல்ல படம். இருந்த பன்னிரண்டில் இது ஒன்றுதான் நல்ல படம் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. ஒருமுறை புரட்டிப் பார்த்து, கடைசிக்குத் தள்ளியவளும் அவள்தான்.

"இது உன்னோடது குட்டி. சத்தியமா. நான் தொடவே இல்ல. எவ்வளவு நல்லா இருக்கு பாரு."

குட்டி குனிந்து அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்தாள். முன்பின் தெரியாத யாரோ வரைந்ததைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள்.

"எனக்கு அப்படித் தெரியலக்கா" என்றாள். "எது என்னோடதுங்கறதையும் நீதான் சொல்லணுமா?"

அந்தத் தாளையும் எடுத்து அக்காவின் மடியில் இருந்தவற்றோடு சேர்த்து, ஓரம் சரியாகத் தட்டி அடுக்கினாள். பிறகு அப்பா கூடத்து மேசையில் எடுத்து வைத்திருந்த கணக்குப் படிப்பு விண்ணப்பத்தை நிரப்பப் போனாள்.